மீன் விடாத தொட்டி

கடல்நீர்த் தொட்டி வாங்க வருகிறவனிடம் கடைக்காரர் விலையைச் சொல்வார், பம்புக்கு எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதைச் சொல்வார். வாங்கிய பிறகு ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அதை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

விஷயம் எளிதானது. மீனின் கழிவு அம்மோனியா. அது மீனுக்கே விஷம். அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை. இரண்டும் கல்லிலும் மணலிலும் குடியேறும் வரை மீன் விடக் கூடாது. குடியேற அவற்றுக்குத் தீனி வேண்டும். ஆகவே மீனே இல்லாத தொட்டியில் மீன் இருப்பதாகப் பாவித்து, நாமே அம்மோனியா விட்டுக்கொண்டிருக்க வேண்டும். சைக்ளிங் என்பார்கள். அம்பர்நாத்தில் ஒரு சாயத் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் கழிவுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து நிறம் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற மற்றவர்கள் உபந்நியாசத்துக்குப் போனார்கள், அல்லது லிப்ட்டைப் பற்றிப் புகார் எழுதினார்கள். எனக்குச் சோதிக்கக் கொஞ்சம் தண்ணீர் தேவைப்பட்டது.

அந்த ஆறு வாரத்துக்குள் வேறொரு கெடுவும் விழுந்தது.

என் மனைவி முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அந்த வருஷம் மே மாதத்தில் இரண்டு முறை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். ஒரு முறை டாக்ஸிக்காரரிடம், நாங்கள் இருபது வருஷத்துக்கு முன் காலி செய்த மாதுங்கா வீட்டுக்கு வழி சொன்னாள். பெங்களூரிலிருந்து மகன் போனிலேயே ஒரு நரம்பு மருத்துவரைப் பிடித்தான். அவர் மாதுங்காவில் அரை மணி நேரம் இவளிடம் பேசிவிட்டு, "ஒண்ணும் அவசரமில்லை, ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று இரண்டு பக்கப் படிவத்தை என்னிடம் கொடுத்தார். உடன் வசிப்பவர் கவனித்து நிரப்ப வேண்டியது. பதினாலு கேள்விகள். பதிமூன்றுக்கு என்ன பதில் சொன்னாலும் பெரிய மோசமில்லை. ஒன்பதாவது மட்டும் வேறு: இல்லாததைப் பார்ப்பதாகவோ கேட்பதாகவோ சொல்கிறாரா? ஆம், இல்லை.

மகன் அதற்குள் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் குடியிருப்பைப் பார்த்து வைத்திருந்தான். "நல்ல எடம்ப்பா. நம்ம சாப்பாடு. மெமரி பேஷண்ட்ஸுக்குத் தனி விங் இருக்கு. உனக்கு இந்தப் பக்கம் ரூம். தினம் ரெண்டு மணி நேரம் போய்ப் பார்க்கலாம்."

"யாரை?"

"அம்மாவைத்தான்."

நாற்பத்தோரு வருஷம் என்னோடு கூடவே இருந்தவளை, நேரம் கேட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பது. ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்' என்று போட்டால் அதுதான் நடக்கும். 'இல்லை' என்று போடுவதில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்காது என்றுதான் அப்போது நினைத்தேன்.

தொட்டி வாங்கத் தாராவிக்குப் போனபோது அவளும் வந்தாள். கடைக்காரருக்குத் திருநெல்வேலிப் பக்கம். நான் ஆய்வகத்துக்கான சுத்த நவச்சாரம் வாங்கி அம்மோனியா தயாரிக்கப்போவதாகச் சொன்னதும் சிரித்தார்.

"அதெல்லாம் எதுக்கு சார்? ஒரு எறால வாங்கி உள்ள போட்டுட்டுப் பேசாம இருங்க. அது அழுகுத அழுகல்ல எல்லாம் தன்னால வந்துரும்."

"எங்க வீட்டில் அது முடியாது."

"திங்கவா சொல்லுதேன்? தொட்டியிலதான போடச் சொல்லுதேன்."

என் மனைவி பக்கத்திலிருந்து, "அழுகின எறாலைப் பார்த்துண்டே மோர்சாதம் சாப்பிடணும், அவ்வளவுதானே? இவர் ஆபீஸ் டிபன் பாக்ஸையே நான் முப்பத்தஞ்சு வருஷம் தேய்ச்சிருக்கேன்" என்றாள். கடைக்காரர் அன்றைக்கு அவளுக்காகத்தான் விலை குறைத்தார்.

பவளப் பாறை விற்பது குற்றம். நான் கேட்கவும் இல்லை. கடையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து, செங்கல் அளவில் துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினேன். அதில் பாக்டீரியா ஊறியிருக்கும். உறை மோர் மாதிரி வேலை செய்யும். "ஏக்தம் க்ளீன் மால் சார், ஒரு பூச்சி இருக்காது" என்றார். அவர் சொல்லை நம்புகிறவன் நான் இல்லை. வீட்டில் பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு பதிவேட்டில் 'உயிரினம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செம்பூரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. தொட்டியின் எடையைத் தரை தாங்கும் என்று ஒரு பொறியாளரிடம் கடிதம் வாங்கிக் கட்டடக் கமிட்டிக்குக் கொடுத்தேன். கமிட்டியின் செயலாளர் நான்தான் என்பதால் அதை நானே பெற்றுக்கொண்டு நானே முத்திரை வைத்தேன். சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச் சுவரில் தொட்டி நின்றது. நூற்றைம்பது லிட்டர். உப்பு கரைந்து, மணல் படிந்து, நடுவில் செயற்கைப் பாறைகளும் பீங்கான் கட்டியும் ஒரு குகை மாதிரி அமைந்தன. பாசி வராமலிருக்க விளக்கைப் போடக் கூடாது. ஜன்னல் திரையும் மூடியே இருக்க வேண்டும். ஜூலை மழை வேறு. பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் கூடத்தில் கண்ணாடிக்குள் கறுப்பாக ஒரு சதுரம் நிற்கும். கிட்டே போனால் அதில் முதலில் தெரிவது நம் முகம். கண் பழகிய பிறகுதான் முகத்துக்குப் பின்னால் பாறைகள் தெரியும். பம்பு இழுக்கும் சத்தம், தூங்குகிறவர் மூச்சு விடுவது போல, ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பத்தாவது நாள் நைட்ரைட் தெரிந்தது. சோதனைக் குழாயில் வானநீலம் ஊதாவாக மாறியது. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. அன்று சாப்பிடும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏன்னா, உள்ளே யாரோ இருக்கா."

"எங்கே?"

"தொட்டியிலே. கை தெரிஞ்சது. கல்லுக்குப் பின்னாலேர்ந்து வந்து மணலைத் தொட்டுப் பார்த்துட்டுப் போச்சு. வளையல் போட்ட கை மாதிரி, வரி வரியா."

"தண்ணீர் அசையறது. நிழல்."

"தண்ணி அசைஞ்சா வளையல் போட்டுக்குமா?" என்று ரசம் விட்டுக்கொண்டாள்.

நான் டார்ச் அடித்து எல்லாப் பக்கமும் பார்த்தேன். பதிவேட்டைப் புரட்டி என் கையெழுத்தைப் பார்த்தேன். அம்மோனியா இரண்டு பிபிஎம் இருந்த தண்ணீரில் எதுவும் உயிரோடு இருக்க நியாயமில்லை. படிவத்தை எடுத்து ஒன்பதாவது கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்தேன். பேனா எடுக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் ஐந்து புள்ளிகள் ஆயின. அவள் பயப்படவில்லை, வற்புறுத்தவும் இல்லை. பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "இன்னிக்கு வரலை." "இன்னிக்கு ரொம்ப நேரம் இருந்தா." இதற்கிடையில் கண்ணாடியின் உட்புறம் பழுப்பாக ஒரு பொடி படிய ஆரம்பித்தது. புதுத் தொட்டியில் அது வரும். ஒரு நாள் காலை அந்தப் பழுப்பில், யாரோ இரண்டு விரலால் துடைத்த மாதிரி வளைவாக ஒரு தடம் தெரிந்தது. மறுநாள் வேறொரு இடத்தில். பம்பின் நீரோட்டம் என்று எழுதிக்கொண்டேன். பம்பின் வாயை வேறு பக்கம் திருப்பிய பிறகும் தடம் வந்தது, அதை எழுதவில்லை.

தினமும் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை நான் கீழே கமிட்டி அறையில் புகார்ப் புத்தகம் பார்ப்பது வழக்கம். ஒரு நாள் மழையில் யாரும் வராததால் சீக்கிரம் மேலே வந்தேன். சாவியைத் துளையில் வைத்தபோது உள்ளே அவள் குரல் கேட்டது. தாழ்ந்த குரல், மரியாதையான குரல்.

"வாங்கோ. வெட்கப்படாதேங்கோ. அவர் கீழே போயிருக்கார்."

கதவைத் திறந்தேன். கூடம் இருட்டு. அவள் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை முந்தானையில் மறைந்திருந்தது. கண்ணாடியில் அவள் முகமும் அதற்குப் பின்னால் கதவோரம் நிற்கும் என் உருவமும் தெரிந்தன. கல்லிடுக்கில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"யாரோடே பேசிண்டிருக்கே?"

"உங்களோடதான். இப்போ" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அன்று அவள் சாதாரணமாகச் சாப்பிட்டு, சாதாரணமாகத் தட்டைக் கழுவினாள். மகன் மாலையில் அழைத்தான். "அப்பா, அந்தக் கோயம்புத்தூர்க்காரா வெயிட் பண்ணுவாளாம், ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம். அம்மா எப்படி இருக்கா?" நன்றாக இருக்கிறாள் என்றேன். இருக்கவும் செய்தாள். அதுதான் பயமாக இருந்தது.

பதற்றம் வந்தால் நான் கணக்குப் போடுகிறவன். அதுவரை விட்ட நவச்சாரம் இவ்வளவு, அதிலிருந்து வரக்கூடிய நைட்ரேட் இவ்வளவு என்று கூட்டினேன். பிறகு தண்ணீரைச் சோதித்தேன். குழாய் சிவப்பாக நின்றது. நான் போட்ட நைட்ரஜனைவிடத் தொட்டியில் இருந்தது நான்கு மடங்கு. மறுபடி சோதித்தேன். உப்புப் பொட்டலத்தைத் தனியாகக் கரைத்துச் சோதித்தேன். தொட்டியில் ஊற்றுவதற்கு முன் சமையலறைச் சுத்திகரிப்பானில் பிடிக்கும் தண்ணீரைச் சோதித்தேன். எல்லாம் சுத்தம். பொருள் எங்கிருந்தாவது வந்தால்தான் கூடும். நான் விடாத ஒன்றை யாரோ விட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீரின் மேல்பரப்பில் கொஞ்ச நாளாகவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தது. அதையும் உப்பின் குற்றம் என்று தள்ளியிருந்தேன். விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். நெய்.

தொட்டி வடிகட்டியின் பஞ்சைக் கழற்றிப் பிழிந்தேன். நாலைந்து சோற்றுப் பருக்கைகளும் பருப்புத் தோலும் விழுந்தன.

பஞ்சோடு சமையலறைக்குப் போனேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, கொத்தமல்லி ஆய்வதை நிறுத்தாமல் சொன்னாள். "காக்காய்க்கு வைக்கற பிடி அது. புறாவுக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் வலை போட்டுட்டேள். நான் அதை எங்கே கொண்டு வைக்கறது?"

வலை போடக் கமிட்டித் தீர்மானம் எழுதியது நான்தான். சமைத்ததில் முதல் பிடியைப் பருப்பும் நெய்யும் விட்டு வெளியே வைக்காமல் அவள் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அந்தப் பிடி இரண்டு மாதமாக எங்கே போகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"அதுக்காகத் தொட்டியிலா போடுவா?"

"எதிர்க்க ஒருத்தர் இருந்து பார்த்துண்டிருக்கச்சே, நாம மட்டும் சாப்பிடறதா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. தின்னும் வாய் இல்லாவிட்டால், தினம் ஒரு பிடி சோறு மூன்று வாரத்தில் கூடத்தையே நாற அடித்திருக்கும். பஞ்சில் இருந்தது நாலைந்து பருக்கை. மீதி எங்கே? அந்த எண்ணம் வந்ததும், என் கையெழுத்து தப்பாக இருக்க வேண்டும் என்று முதல் முறையாக ஆசைப்பட்டேன். அந்தக் கல்லுக்குள் ஏதாவது ஒன்று, எவ்வளவு அருவருப்பானதாக இருந்தாலும் சரி, உயிரோடு இருந்துவிட வேண்டும். இருந்தால் அவள் கண் சரியாக இருக்கிறது. அவளும் நானும் இங்கேயே இருக்கலாம்.

மறுநாள் கமிட்டி அறைக்குப் போகவில்லை. பன்னிரண்டரை மணிக்கு நாற்காலிகளைத் தொட்டி முன்னால் போட்டு இருவரும் உட்கார்ந்தோம். வெளியே மழை சன்ஷேட் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் விரல் நுனியில் கொஞ்சம் சோற்றை எடுத்து, தண்ணீருக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுக் கல்லோரத்தில் வைத்தாள். வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"பேசாதேங்கோ. மூச்சு விடறதையும் கொஞ்சம் குறைச்சுக்கோங்கோ."

பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் எங்கள் இரண்டு முகங்கள். கல்யாணப் போட்டோ மாதிரி பக்கத்தில் பக்கத்தில். பிறகு பீங்கான் கட்டியின் ஒரு துளையிலிருந்து நூல் மாதிரி ஒன்று நீண்டது. நீண்டுகொண்டே வந்தது. சேமியா அளவு தடிமன், கறுப்பும் வெளுப்புமாக வளையம் வளையமாகக் கோடுகள், இரண்டு பக்கமும் சிறு முட்கள். அது மணலைத் தடவியது, பருக்கையைத் தொட்டது, சுருட்டிப் பிடித்துத் துளைக்குள் இழுத்துக்கொண்டது. பின்னாலேயே இன்னொரு கை வந்தது. நட்சத்திர மீன் சாதி. பிரிட்டில் ஸ்டார் என்பார்கள். உடம்பு சட்டைப் பொத்தான் அளவுதான், கைகள்தான் நீளம். கடைத் தொட்டியிலிருந்து துளைக்குள் ஒளிந்து வந்து, அம்மோனியாவையும் என் பூதக்கண்ணாடியையும் தாண்டியிருக்கிறது.

போனில் வீடியோ எடுத்து அப்போதே மகனுக்கு அனுப்பினேன். 'அம்மா சொன்னது இதைத்தான்.' ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: கட்டை விரல் படம்.

"பார்த்தியா?" என்று அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் அதைக் கனிவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பார்த்தேன். இது எப்பவும் சுத்திண்டிருக்கும். நான் சொன்னது இது இல்லை."

"வளையல் போட்ட கைன்னியே. வரி வரியா. இதோ இருக்கே."

"கைன்னேன். நூலுன்னு சொல்லலையே."

"அப்போ அது எங்கே?"

"நீங்க உக்காந்திருக்கேளே. எப்படி வரும்?"

நான் பார்த்தால் வராது என்பதை நான் பார்த்துச் சோதிக்க முடியாது. மழை விட்ட பிறகும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணாடியின் உட்புறத்தில் அன்று காலை வந்த தடம் இருந்தது. அந்தச் சேமியாக் கை துடைத்த அகலம் இல்லை அது. என் இரண்டு விரலை வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. கையை எடுத்துக்கொண்டேன்.

படிவத்தை அன்றைக்கே நிரப்பினேன். ஐந்து பென்சில் புள்ளிகளையும் ரப்பரால் அழித்தேன். ஒன்பதாவதுக்கு 'இல்லை' என்று பேனாவால் போட்டேன். வேலையில் இருந்த காலத்தில், கண்ணால் பார்க்காத ஒரு எண்ணுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டதில்லை. தொழிற்சாலையில் இதனாலேயே எனக்கு நண்பர்கள் குறைவு.

மருத்துவர் படிவத்தைப் படித்துவிட்டு அவளிடமே கேட்டார். "அம்மா, வீட்டில் வித்தியாசமா ஏதாவது பார்க்கறீங்களா?"

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொட்டியிலே ஒரு நட்சத்திர மீன் இருக்கு, டாக்டர். இவர் இல்லவே இல்லைன்னு ரிஜிஸ்தர்லே எழுதி வச்சிருந்தார். நான்தான் காட்டிக் கொடுத்தேன்."

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ மருந்து சாருக்குத்தான் எழுதணும்." பால் மறந்ததற்கு வயசு, தைராய்டு என்று இரண்டு காரணம் சொன்னார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

திரும்பும்போது டாக்ஸியில், சயான் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"பெரிசைப் பத்தி அவர் கேட்கலை."

"வித்தியாசமா ஏதாவதுன்னு கேட்டாரே."

"அது ஒண்ணும் வித்தியாசமா இல்லையே, நமக்கு" என்றாள். பிறகு என் முழங்கை மேல் கையை வைத்து, "எனக்குக் கோயம்புத்தூர் வேண்டாம்" என்றாள். அந்த ஊர்ப் பெயரை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

தொட்டி ஒரு வழியாகத் தேறிவிட்டது. அளந்து விடும் அம்மோனியா ஒரே நாளில் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். முறைப்படி இனி மீன் விடலாம். அந்த மாதமும் போய், மழைக்காலமும் போய்விட்டது.

உள்ளே வேறு எதுவும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது கடினமில்லை. பாறைகளை ஒவ்வொன்றாக வாளியில் எடுத்து வைத்தால் ஒரு மணி நேர வேலை. அதுகூட வேண்டாம். இரண்டு சிறு மீன்களை விட்டுவிட்டுத் தினமும் காலையில் எண்ணிக்கொண்டு வந்தால் போதும். ஒரு மாதம் கழித்து இரண்டும் இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. நான் படிவத்தில் எழுதியது பொய், அவளைக் கோயம்புத்தூரில் அந்தத் தனி விங்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒன்று குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. இத்தனை மாதமாக அதன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். காலையில் போய் எண்ணும்போது எந்த எண் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்று பல முறை யோசித்துப் பார்த்தேன். முடிவுக்கு வர முடியவில்லை.

போன வாரம் கடைக்காரர் அழைத்தார். "சார், ஒங்களுக்குன்னு ஒரு ஜோடி எடுத்து வச்சிருக்கேன். ஆரஞ்சும் வெள்ளையுமா, பாக்க அம்சமா இருக்கு. தண்ணி ரெடியா?"

அவள் மேஜையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்பதற்காகக் கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள்.

"இன்னும் இல்லை" என்றேன்.